கண்மாய் வரைபடத்தில் 41 சிவப்புப் புள்ளிகள்: ஒரு மாணவர் ஹேக்கத்தானின் நிகழ்வு ஆய்வு

மதுரைக்கு வெளியே உள்ள ஒரு கல்லூரியில் சனி, ஞாயிறு இரண்டு நாள் நடந்த ஹேக்கத்தானில் (மாணவர்கள் அணி அணியாகக் குறுகிய நேரத்தில் கணினி வழித் தீர்வு உருவாக்கும் போட்டி) ஓர் அணி செய்த வேலையையும், அதனால் ஓர் ஊருக்கு விளைந்த நன்மையையும் தீமையையும் இங்கே பதிவு செய்கிறேன். கல்லூரி, ஊர், கண்மாய், ஆட்கள் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. இதில் வரும் வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பதுதான் காரணம்.

பின்னணி

அந்தக் கல்லூரியின் கணினித் துறை ஆண்டுக்கு ஒரு ஹேக்கத்தான் நடத்தும். சனிக்கிழமை காலை 9 மணிக்குத் தொடங்கி ஞாயிறு மாலை 4 மணிக்கு முடியும். அந்த ஆண்டு ‘சமூக நலனுக்குத் தரவு’ என்று தலைப்பு வைத்திருந்தார்கள். 14 அணிகள், அணிக்கு நான்கு பேர். செப்டம்பர் மூன்றாம் வாரம். நான் வெளியிலிருந்து போன வழிகாட்டி. நில வரைபடத் தரவுதான் என் தொழில்.

பெரும்பாலான அணிகள் இணையத்தில் கிடைத்த தரவை வைத்துத் தாங்களே ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுத்தன. ஓர் அணிக்கு மட்டும் பிரச்சினை ஊரிலிருந்து வந்தது. அந்த அணியில் இருந்த மூன்றாமாண்டு மாணவி ஒருவர் கொட்டாம்பட்டிப் பக்கத்து ஊர்க்காரர். ஹேக்கத்தானுக்கு ஒரு மாதம் முன்பே தன் ஊர் விவசாயிகளிடம் பேசி ஒரு கேள்வியை வாங்கி வந்திருந்தார்.

ஊர் கேட்ட கேள்வி

கொட்டாம்பட்டி இருக்கும் மேலூர் வட்டம் என்றாலே பெரியாற்றுப் பாசனம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் வைகை வழியாக வந்து, பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாயில் பிரிந்து, கள்ளந்திரி வரை இருபோகத்துக்கும், அதற்குக் கீழே மேலூர்ப் பகுதியில் 85,563 ஏக்கர் ஒருபோகத்துக்கும் பாய்கிறது. கொட்டாம்பட்டிப் பக்கம் பல ஊர்களுக்கு அந்தக் கால்வாய் எட்டாது. அங்கே இருப்பவை மானாவாரிக் கண்மாய்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை வரத்துக்கால் வழியாக வந்து கண்மாய் பெருகினால்தான் நெல் நடலாம். பெருகவில்லை என்றால் நிலம் தரிசு, ஆட்கள் திருப்பூருக்கு.

இந்த ஊர்க் கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அதன் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்குக் குறைவு. அதனால் அது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கிறது. மாணவி தன் நோட்டில் ஊர்க்காரர்களின் கேள்வியை அவர்கள் சொன்னபடியே எழுதி வந்திருந்தார்: “மழை பேயத்தான் செய்யுது. கண்மாய்க்கு வரமாட்டேங்குது. மலையடியில பேயுற தண்ணி எங்கிட்டுப் போகுது?”

தரவை வைத்துக் கேட்கத்தக்க நல்ல கேள்வி இது. இடம் தெரியும், காலம் தெரியும், பதில் கிடைத்தால் என்ன செய்யப் போகிறார்கள் என்பதும் தெரியும். வரத்துக்கால் எங்கெங்கே அடைபட்டிருக்கிறது என்று தெரிந்தால், அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டு, மழைக்கு முன் சரிசெய்யலாம். இந்தக் கேள்வியை விட்டு அணி எங்கே விலகியது என்பதுதான் கீழே வருவது.

சனிக்கிழமை பகல்

முதல் மூன்று மணி நேரம் எழுத்துருவிலேயே போனது. ஒன்றியக் கண்மாய்களின் பட்டியல் ஒரு பி.டி.எஃப். கோப்பாக இருந்தது. திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரியும். நகலெடுத்து அட்டவணையில் ஒட்டினால் ‘க’ இருந்த இடத்தில் ‘எஃப்’, ‘ம’ இருந்த இடத்தில் ‘கே’ என ஆங்கில எழுத்துகளாக வந்து விழும். யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பு. தமிழில் அரசுத் தரவோடு வேலை செய்கிற எவருக்கும் இது பழகிய தொல்லைதான், ஆனால் அந்த மாணவர்களுக்கு அது முதல் தடவை. அணியில் ஒருவர் எழுத்துக்கு எழுத்து மாற்றுகிற சிறு நிரலை எழுதினார். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் தட்டப்பட்டிருந்ததால் வரிசை புரண்டு வந்தது; அதைச் சரிசெய்ய மதியமாகிவிட்டது.

அடுத்து பெயர்ச் சிக்கல். ‘பெரிய கண்மாய்’ என்று ஊருக்கு ஊர் ஒன்று இருக்கிறது. பெயரை வைத்து இரண்டு அட்டவணைகளை இணைத்தபோது ஓர் ஊரின் ஆயக்கட்டு இன்னோர் ஊரின் கண்மாயில் போய் உட்கார்ந்தது. கிராம எண்ணையும் புல எண்ணையும் சேர்த்து இணைத்த பிறகே கணக்கு நேரானது.

பிறகு செயற்கைக்கோள் படங்கள். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 படங்கள் இலவசம். பச்சை, அகச்சிவப்பு அலைவரிசைகளை ஒப்பிட்டுத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கணக்கிடலாம். இங்கே இரண்டு தடைகள் வந்தன. படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டர். வரத்துக்காலின் அகலம் பல இடங்களில் 3 மீட்டர் கூட இல்லை. ஆகவே கால்வாய் அதில் தெரியாது. மேலும், நமக்குத் தேவையான அக்டோபர், நவம்பர் மாதங்களில் படம் முழுக்க மேகம். கண்மாய் நிரம்புகிற நாட்களைத்தான் அந்தக் கண்ணால் பார்க்க முடியவில்லை.

கிடைத்த சில தெளிவான ஜனவரிப் படங்களில் கண்மாயின் வடபாதி காய்ந்து கிடப்பதாகக் கணக்கு காட்டியது. ‘நீர்ப்பரப்பு பாதியாகச் சுருங்கிவிட்டது’ என்று அணி ஒரு பக்கம் தயாரித்தது. ஊர் மாணவி அந்தப் படத்தைக் கண்மாயின் நீர்பாய்ச்சிக்கு, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் திறந்து பகிர்ந்து விடுகிறவருக்கு, போனில் அனுப்பினார். எழுபதை நெருங்கும் பெரியவர் அவர். ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார். “பாப்பா, நீ காஞ்சு கெடக்குனு காட்டுற எடத்துலதான் ரெண்டாள் ஆழம். மேல ஆகாயத்தாமரை மூடிக் கெடக்கு.” செடியின் பச்சையைக் கணக்கு நிலம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை அழித்தார்கள். அன்று நடந்தவற்றிலேயே மிகச் சரியான காரியம் அதுதான் என்பேன். தப்பை ஒப்புக்கொள்ள யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை.

சனிக்கிழமை இரவு

இரவு 9 மணிக்கு மேல் அணியின் இன்னொரு மாணவர், நல்ல கெட்டிக்காரர், வேறொன்றைக் கொண்டுவந்தார். பழைய கிராம வரைபடத்தை ஸ்கேன் செய்து, நான்கு மூலைகளைப் பிடித்து இன்றைய படத்தின் மேல் பொருத்தியிருந்தார். அதன் மேல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கட்டிட எல்லைத் தரவைப் போட்டிருந்தார். கண்மாய்ப் புறம்போக்கின் எல்லைக்குள் விழுந்த ஒவ்வொரு கூரையும் சிவப்புப் புள்ளி. மொத்தம் 41. மேலே ‘ஆக்கிரமிப்புகள்’ என்று தலைப்பு.

திரையில் அது பளிச்சென்று இருந்தது. சுற்றி நின்ற வழிகாட்டிகள் பாராட்டினார்கள். நானும் பாராட்டினேன். பகல் முழுக்கக் குழம்பிக் கிடந்த பிறகு தெளிவாக ஓர் எண் கிடைத்த மகிழ்ச்சி அது. ஊர் மாணவி மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “சார், இதுல முக்காவாசி காலனி வீடு. கவர்மெண்டே பட்டா கொடுத்துக் கட்டிக் கொடுத்தது.”

பொருத்திய வரைபடம் எவ்வளவு சரி என்று அப்போதுதான் சோதித்தோம். அதுவரை யாரும் சோதிக்கவில்லை. கோயில், பழைய மடை, சாலைச் சந்திப்பு என வரைபடத்திலும் படத்திலும் அடையாளம் தெரிகிற ஆறு இடங்களை எடுத்து ஒப்பிட்டோம். ஓரிடத்தில் 18 மீட்டர் விலகல் இருந்தது. எல்லைக்கோட்டை 12 மீட்டர் கிழக்கே நகர்த்திப் பார்த்தால் 41 என்பது 27 ஆகிவிட்டது. கோடு நகர நகர எண்ணும் மாறுகிறது. அந்த 14 வித்தியாசம் 14 குடும்பங்கள்.

இன்னொன்றையும் அந்த மாணவியே காட்டினார். கண்மாயின் உள்வாயில் மேற்குப் பக்கம் கணிசமான பரப்பை ஆண்டுக்கணக்காக உழுது பயிர் வைக்கிறார்கள். தண்ணீர் பிடிக்க வேண்டிய இடத்தில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது. வரைபடத்தில் அதற்கு ஒரு புள்ளி கூட இல்லை, ஏனென்றால் அங்கே கூரை இல்லை. நாங்கள் எடுத்த தரவு கூரையை மட்டுமே பார்க்கும். கூரை போட்டுக் குடியிருக்கிறவன் குற்றவாளியாகத் தெரிகிறான். கரையை வெட்டி உழுகிறவன் தெரிவதே இல்லை. இருபது ஆண்டு இந்தத் தொழிலில் இருந்தும் இதை ஒரு மாணவி சொல்லித்தான் எனக்குப் புலப்பட்டது. அதைக் குறித்து இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

எடுத்த முடிவும் காரணமும்

இரவு 11 மணிக்குப் பொறுப்பாசிரியர்கள் இருவர், நான், அணியின் நால்வர் ஒரு காலி வகுப்பறையில் உட்கார்ந்து பேசினோம். அப்படியே வைத்துக்கொள்வது, வீடுகளைத் தனித்தனியாகக் காட்டாமல் மொத்த எண்ணை மட்டும் சொல்வது, வரைபடத்தின் மேல் போட்ட அந்தப் புள்ளிகளின் அடுக்கையே எடுத்துவிடுவது என்று மூன்று வழிகள் முன்னால் இருந்தன.

புள்ளிகளைப் போட்ட மாணவர் எதிர்த்தார். “கண்மாய் ஆக்கிரமிப்பு உண்மையிலேயே நடக்குது. மதுரையில செல்லூர் கண்மாய் நிரம்பி 2024 அக்டோபர்ல வீட்டுக்குள்ள தண்ணி வந்தது எல்லாருக்கும் தெரியும். உண்மையை நாம ஏன் மறைக்கணும்?” அந்தக் கேள்வியை யாரும் அலட்சியப்படுத்தவில்லை. நீர்நிலைகள் சுருங்கியதால் ஊரே அவதிப்படுகிறது என்பது உண்மைதான்.

நாங்கள் அவருக்குச் சொன்ன பதில் இது. ஆக்கிரமிப்பு என்பது சட்டச் சொல். பொதுப்பணித் துறை ஏரிகளுக்கு 2007-ல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. மற்ற அரசு நிலங்களுக்கு 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம். எந்தச் சட்டமானாலும் நோட்டீஸ் கொடுத்து, குடியிருப்பவரின் பதிலைக் கேட்டுத்தான் மேலே போக முடியும். அதற்குக் காரணம் காகிதத்தில் இருப்பதும் தரையில் இருப்பதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதுதான். 18 மீட்டர் விலகுகிற வரைபடத்தை வைத்து ஒரே இரவில் 41 பேருக்கு அந்தச் சொல்லைச் சூட்ட நமக்குத் தகுதி இல்லை. தவிர, ஊர் நம்மிடம் கேட்டது வரத்துக்காலைப் பற்றி. வீடுகளைப் பற்றிக் கேட்கவே இல்லை.

மொத்த எண்ணை மட்டும் சொல்லலாமே என்று ஒரு பொறுப்பாசிரியர் கேட்டார். ஊரில் ஒரே ஒரு காலனிதான் இருக்கிறது, எண்ணைச் சொன்னாலே வீட்டைச் சொன்ன மாதிரிதான் என்றார் மாணவி. அதோடு அந்த வாதம் முடிந்தது.

அடுக்கை எடுப்பது, பொதுக் கோப்புறையிலிருந்து கோப்பை அழிப்பது, ஞாயிறு விடியலில் ஊருக்குப் போய் வரத்துக்காலை நடந்து பார்ப்பது என்று முடிவானது. எதிர்த்த மாணவர் தன் கையாலேயே கோப்பை அழித்தார். யாருடைய போனிலாவது படம் இருக்கிறதா என்று நாங்கள் கேட்கவில்லை. இந்த நிகழ்வின் பெரிய பிழை அதுதான்.

ஞாயிறு காலை

விடிகாலை 5 மணிக்கு ஒரு வேனில் கிளம்பினோம். ஊர் எல்லையில் டீக்கடையில் இறங்கியபோது காலனிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். இரவு 9.30-க்கே அணியின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ திரையைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். அது நண்பர் ஒருவர் வழியாக ஊர்க் குழுவுக்குப் போயிருக்கிறது. கையில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் போனை நீட்டினார். அவர் வீட்டின் மேல் சிவப்புப் புள்ளி. “எங்க வீட்டை இடிக்கவா அளக்க வந்திருக்கீங்க?” என்றார். குரலை உயர்த்தவில்லை.

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாணவிதான் முன்னால் போனார். “இல்லத்தே, தப்பா வந்துருச்சு. அழிச்சுட்டோம். வரத்துக்காலைப் பாக்கத்தான் வந்தோம்” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். சிவப்புப் புள்ளி போட்ட மாணவரும் எங்களோடு வந்திருந்தார். அவர் தன் பெயரைச் சொல்லி, தான்தான் செய்ததாகவும், தெரியாமல் செய்ததாகவும் மன்னிப்புக் கேட்டார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பெண்கள் கலைந்து போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எல்லோரும் நம்பிவிட்டதாகச் சொல்ல முடியாது.

நீர்பாய்ச்சிப் பெரியவர் கம்பை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார். கண்மாயிலிருந்து மலையடி நோக்கி வரத்துக்காலோடு மேலே நடந்தோம், மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எங்கள் வரைபடத்தில் இது முறியாத ஒரே நீலக்கோடு. தரையில் மூன்று இடத்தில் முறிந்திருந்தது.

முதல் இடத்தில் கால்வாய் இருந்த தடமே தெரியவில்லை. சுமார் 200 மீட்டர் சீமைக்கருவேலம் அடர்ந்து, அதன் தூரில் பிளாஸ்டிக்கும் மண்ணும் சேர்ந்து மேடாகியிருந்தது. இரண்டாம் இடத்தில் ஒரு நிலத்துக்காரர் கால்வாயை வரப்போடு சேர்த்து மூடி, தண்ணீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்பியிருந்தார்.

மூன்றாவது இடம்தான் எங்களைத் திகைக்க வைத்தது. தார்ச்சாலை குறுக்கே போகிறது; அடியில் சிமெண்ட் குழாய் பதித்திருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. பெரியவர் குனிந்து கம்பைக் கால்வாயின் தரையில் ஊன்றி, குழாயின் அடிவிளிம்பு கம்பில் படுகிற இடத்தைக் கட்டை விரலால் பிடித்துக் காட்டினார். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயை மாணவி வீட்டிலிருந்து கொண்டுவந்து அளந்தோம்: கால்வாய்த் தரையைவிடக் குழாய் 38 சென்டிமீட்டர் மேலே இருந்தது. “ரோடு போட்ட வருசத்துலருந்தே சொல்றேன் தம்பி. தண்ணி ஏறியா போகும்?” என்றார். தேங்கும் தண்ணீர் அந்த உயரத்துக்கு எழும்புவதற்குள் பக்கத்துப் பள்ளத்தில் வடிந்துவிடுகிறது. மலையடித் தண்ணீர் எங்கிட்டுப் போகிறது என்ற கேள்விக்குப் பாதி பதில் அந்தக் கம்பில் இருந்தது.

11 மணிக்குக் கல்லூரிக்குத் திரும்பி, மூன்று இடங்களின் ஒளிப்படம், அளவு, புல எண் ஆகியவற்றை வைத்து இரண்டு பக்க அறிக்கையும் ஒரு வரைபடமும் தயாரித்தார்கள். செயலி எதுவும் செய்யவில்லை. பரிசு வேறோர் அணிக்குப் போனது.

பின்னர் நடந்தது

அக்டோபர் 2 கிராம சபையில் விவசாயிகள் அந்த இரண்டு பக்கங்களை வாசித்தார்கள். மூன்று இடங்களையும் சரிசெய்யக் கோரித் தீர்மானம் நிறைவேறியது. சீமைக்கருவேலம் அடைத்திருந்த பகுதியைத் தலைக்கட்டு வரி போட்டு ஊர்க்காரர்களே ஜே.சி.பி. வைத்துத் தீபாவளிக்கு முன் தூர்வாரினார்கள். மூடிய கால்வாயை அந்த நிலத்துக்காரர் முதலில் விட மறுத்தார். ஊர்க் கூட்டத்தில் இரண்டு தடவை பேசிய பிறகு பாதி அகலத்துக்குத் திறந்துவிட்டார். சாலைக் குழாயை மாற்ற ஒன்றிய அலுவலகத்தில் மதிப்பீடு போட வேண்டும், அது மழைக்கு முன் நடக்கவில்லை. அந்த ஆண்டு கண்மாயில் முந்தைய ஆண்டைவிடத் தண்ணீர் கூடுதலாக நின்றது. ஆனால் மழையும் கூடுதலாகப் பெய்தது. எங்கள் வேலையால் நின்றது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

சிவப்புப் புள்ளிகளின் கதை அதோடு முடியவில்லை. கால்வாய்த் தகராறு சூடாக இருந்த நாட்களில், திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மனு விழுந்தது. கண்மாயை ஆக்கிரமித்தவர்கள் காலனிக்காரர்கள்தான், கல்லூரி ஆய்வே சொல்கிறது என்று அதில் எழுதி, அந்த வாட்ஸ்அப் படத்தைக் கலரில் அச்சிட்டு இணைத்திருந்தார்கள். மனு தாலுகா அலுவலகம் வழியாகக் கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தது. அவர் பட்டாக்களையும் ஊர்ப் பதிவேடுகளையும் பார்த்து, அளவையாளரைக் கூட்டி வந்து அளந்தார். காலனி வீடுகள் பட்டா நிலத்துக்குள்தான் இருந்தன. யார் வீடும் போகவில்லை.

ஆனால் மனு போனதற்கும் அளந்து முடித்ததற்கும் இடையில் ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் பட்டாவின் நகலை நெகிழிப் பையில் போட்டு, வேலைக்குப் போகும்போதும் உடன் எடுத்துப் போனதாக டீக்கடையில் எங்களைக் கேட்ட அந்தப் பெண் மாணவியிடம் சொல்லியிருக்கிறார். பட்டா இல்லாத வீடுகளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குக் கலக்கமாக இருக்கிறது. கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் தயாரித்து, அந்தப் படம் சரிபார்க்கப்படாதது, அதை யாரும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தாலுகா அலுவலகத்துக்குக் கொடுத்தோம். அதை முதல் வாரமே கொடுத்திருக்க வேண்டும். மனு வந்தது தெரிந்த பிறகுதான் கொடுத்தோம்.

மாற்ற வேண்டியவை

அடுத்த ஆண்டு இதே கல்லூரி மறுபடியும் நடத்தியபோது சிலவற்றை மாற்றினார்கள். ஊரை நடந்து பார்ப்பது முந்தைய வார இறுதிக்கு மாறியது. கணினியைத் திறப்பதற்கு முன்பே தரையைப் பார்த்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நீர்பாய்ச்சியிடம் ஒரு போன் பேசியதில் தெரிந்த ஆகாயத்தாமரை விஷயம், முன்பே பேசியிருந்தால் ஒரு மதியத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

வீடு, மனிதர், சாதி, வருமானம் தெரிகிற எந்த அடுக்கையும் சம்பந்தப்பட்ட ஊர்க்காரர் ஒருவர் பார்த்துச் சம்மதிக்கும் வரை திரையில் போடுவதில்லை என்று விதி வைத்தார்கள். ஊர்க்காரர் என்றால் விவசாயிகள் சங்கத் தலைவர் மட்டும் போதாது என்று நான் வற்புறுத்தினேன். எங்களுக்குக் கேள்வி கொடுத்தவர்கள் ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்கள். காலனியில் பெரும்பாலோருக்கு அங்கே நிலம் கிடையாது. அவர்களிடம் முன்கூட்டி யாருமே பேசவில்லை. மாணவி அந்த அணியில் இல்லாமல் போயிருந்தால் அந்த 41 புள்ளிகள் ஞாயிறு மாலை மேடையில் ஏறியிருக்கும், கைதட்டலும் வாங்கியிருக்கும்.

பழைய வரைபடத்தைப் பொருத்தினால் எத்தனை மீட்டர் விலகுகிறது என்பதை வரைபடத்தின் மேலேயே எழுத வேண்டும் என்பது இன்னொரு விதி. படம் எடுத்துப் பகிர்வதை முழுதாகத் தடுக்க முடியாது. அதனால் வேலை நடக்கும்போதே ஒவ்வொரு திரையிலும் ‘சரிபார்க்கப்படாதது’ என்ற சொல் பெரிதாகக் குறுக்கே ஓடும்படி செய்தார்கள். வெட்டி எடுத்தாலும் அந்தச் சொல் கூடவே போகும்.

நடுவர்களின் மதிப்பெண் முறையை மாற்றச் சொல்லிக் கேட்டேன், அது நடக்கவில்லை. இப்போதும் செயலிக்குத்தான் மதிப்பெண். இரண்டு பக்க அறிக்கைக்கு இடமில்லை.

சிவப்புப் புள்ளி போட்ட மாணவர் படிப்பு முடித்துப் பெங்களூருவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். சாலைக் குழாய்க்கான மதிப்பீட்டின் நிலையைக் கேட்டு மாதம் ஒரு முறை ஒன்றிய அலுவலகத்துக்குப் போன் செய்கிறவர் அவர்தான். போன மாதம் கேட்டதற்கு, கோப்பு மதுரைக்கு ஒப்புதலுக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.